பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்

பணத்தைச் சேர்ப்பது ஒன்று. சேர்த்த பணத்தை முதலாக்குவது வேறொன்று. இந்த வேறுபாட்டை நம் தோட்டத்து வரலாறே நமக்குக் கற்பிக்கிறது.

நம் முன்னோர் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள், பால் வெட்டினார்கள். ஆனால் அந்த மண்ணில் ஒரு சாண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. குடியிருந்த லயத்து வீடும் வேலையோடு ஒட்டியது; வேலை போனால் வீடும் போகும். 1951-ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. சம்பளத்தில் தொழிலாளி நூற்றுக்கு 5, முதலாளி நூற்றுக்கு 5 என்று தொடங்கிய அந்தச் சேமிப்பு முதுமைக்குத் துணையாயிற்று. ஆனால், முதுமை வருமுன்னே தோட்டம் கைமாறினால் என்ன செய்வது?

அதுதான் நடந்தது. 1950-களில், 1957-இல் நாடு சுதந்திரம் பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில், வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்களில் பலர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். அப்படி விற்றால் இலாபம் மிகுதி. சிறு துண்டு வாங்கியவருக்குப் பெரிய ஆட்கூட்டம் தேவையில்லை. லயத்தையும் பள்ளியையும் ஆயாக் கொட்டகையையும் காக்கும் அக்கறையும் இல்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருசேர இழந்தன.

இந்த நிலையில்தான் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதைத் தொடங்கியவர் அப்போது அமைச்சராக இருந்த, பின்னாளில் துன் பட்டம் பெற்ற வீ. தி. சம்பந்தன். பங்கு ஒன்று 100 வெள்ளி; மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். நாட்கூலி சில வெள்ளியே பெற்றவருக்கு அது சிறிய தொகையன்று. அவர் தோட்டந் தோட்டமாகச் சென்று எடுத்துரைத்தார். மக்கள் கட்டினார்கள். கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. அது துண்டாடப்படவில்லை. பால் வெட்டியவனே பங்குதாரனும் ஆனான்.

இதில் நாம் கருத வேண்டியது என்ன? தனியாளின் பத்து வெள்ளி கடைக் கடனில் கரைந்துவிடும். பலருடைய பத்து வெள்ளி சட்டப்படி பதிவான ஒரு சங்கத்தில் சேர்ந்தால், அது தோட்டம் வாங்கும் முதலாகிறது. ஆயினும் பங்கு வேறு, சேமநிதி வேறு. ரப்பர் விலை ஏறினால் பங்கின் ஆதாயம் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆகவே எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போடலாகாது. தொழிலாகக் கூட்டுப் பிடிப்பதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்ததையும் மறக்க வேண்டாம்.

நம் நெகிரி செம்பிலானில், நீலாய், லாபு வட்டாரங்களில், ரப்பர் நின்ற இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. தோட்டம் விலைபோகும் செய்தி நமக்குக் கடைசியில்தான் எட்டும். அதற்கு முன்பே நமக்கென ஒரு வீடு தேடிவைக்க வேண்டும். சேமநிதிப் பணம் கைக்கு வந்தால், எவரிடம் கொடுக்கிறோம், அவர் எங்கே பதிவானவர், ஆதாயம் எதிலிருந்து வருகிறது, வேண்டும்போது திரும்பக் கிடைக்குமா என்று கேட்போம். விடை சொல்லத் தயங்குபவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.