ரஜூலா கப்பலும் நம் பாட்டனார்களும்

கப்பலேறிச் சபுர் வந்த தலைமுறையை நினைக்காமல் நம் சங்கத்தின் 50 ஆண்டு வரலாறு முழுமை பெறாது. அவர்களில் பலர் கடைசிவரை மறக்காத பெயர் 'ரஜூலா'.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்பதே அதன் வழித்தடம். அதே கம்பெனி அதே ஆண்டில் இறக்கிய ஜோடிக் கப்பல் 'ரோனா'. இரண்டாம் உலகப் போரில் இரண்டுமே படைவீரர்களை ஏற்றப் போயின. 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய விமானத் தாக்குதலில் ரோனா மூழ்கி, 1,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தனர். ரஜூலா தப்பி வந்து மீண்டும் நம் மக்களை ஏற்றியது.

அக்காலக் கப்பல்களின் எண்ணெய் வண்ண ஓவியங்கள் இன்று பழம்பொருள் சந்தையில் நல்ல விலை போகின்றன. பெரும்பாலும் கப்பல் முதலாளிகளுக்கும் கேப்டன்களுக்கும் வரையப்பட்டவை அவை. அதனால் கம்பெனிக் கொடியும் புகைபோக்கியின் நிறமும் அவற்றில் முக்கியம். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் என்றால் கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். பயணிகளின் முகத்தை அதில் தேடினால் கிடைக்காது.

ரஜூலாவில் கேபின் இடங்கள் கொஞ்சம்தான். டெக் பயணிகளோ 5,000 பேருக்கும் மேல் ஏற அனுமதி இருந்தது. பாய் விரித்த இடமே அவர்களுக்கு வீடு. நாகையில் கப்பல் கரைக்கு வராது. படகில் போய்த்தான் ஏற வேண்டும். ஏறக்குறைய ஒரு வாரம் கடல். பினாங்கு வந்ததும் டெக் பயணிகளைப் புலாவ் ஜெரெஜாக் தீவில் தங்கவைத்து, நோய் இல்லையென்று பார்த்தே வெளியே விடுவது வழக்கமாக இருந்தது. பிறகு பிறையில் ரயிலேறினால், ஈப்போ தாண்டி நம் பத்து காஜா.

1973இல் ரஜூலாவை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. அடுத்த ஆண்டே அது உடைக்கப்பட்டது. பின்னர் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு இந்தக் கடல்வழிப் பயணமே முடிவுக்கு வந்தது.

ஓவியர்கள் வரையாமல் விட்டது நம் வீட்டு அலமாரியில் இருக்கலாம்: பழைய பாஸ்போர்ட், டிக்கெட், டிரங்குப் பெட்டி. கப்பலில் வந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பெயர், ஊர், வந்த ஆண்டு, இறங்கிய துறைமுகம் ஆகிய நான்கையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். நம் பிள்ளைகளுக்கு அதுவே வரலாறு.