ஊதியமும் உதவியும்

நரை வயதின் செயல். அதற்கும் ஆட்சிக்கும் தொடர்புண்டோ எனின், உண்டு என்பது பிசிராந்தையாரின் விடை. ஆண்டுகள் பல கடந்தும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கூறும் அப்புலவர், மனைவி மக்களின் மாண்போடு, தீமை புரியாது குடிகாக்கும் வேந்தனையும் ஒரு காரணமாகப் புறநானூற்றில் வைத்துள்ளார். முதுமையின் நலம் இல்லத்தளவில் முடிவதன்று, அரசோடும் பிணைந்தது. இவ்வுண்மையை இந்திய முதியோர் வழக்காகவும் அறப்போராட்டமாகவும் முன்வைத்த வரலாறு அறியத்தக்கது.

ஆங்கிலேயர் 1871-இல் இயற்றிய ஓய்வூதியச் சட்டம், அரசு வழங்கும் ஓய்வூதியம் பற்றிய வழக்குகளை உரிமையியல் நீதிமன்றங்கள் ஏற்பதற்குத் தடை விதித்தது. ஓய்வூதியம் என்பது ஆள்வோர் மனமுவந்து அளிக்கும் கொடை என்னும் எண்ணமே அச்சட்டத்தின் அடித்தளம். விடுதலைக்குப் பின் 1971-இல், தேவகிநந்தன் பிரசாத் வழக்கில், ஓய்வூதியம் உரிமையே என உச்சநீதிமன்றம் உரைத்தது. ஆயினும் பழைய எண்ணம் அலுவலகங்களை விட்டு எளிதில் அகலவில்லை.

1979 மே மாதம் நடுவணரசு ஓய்வூதியக் கணக்கீட்டைத் தாராளமாக்கியது. இறுதி 36 மாத ஊதியச் சராசரிக்கு மாறாக 10 மாதச் சராசரி அடிப்படையாயிற்று, உச்சவரம்பும் உயர்ந்தது. ஆனால் 1979 மார்ச் 31-ஆம் நாளிலும் அதன் பின்னரும் ஓய்வு பெற்ற குடிமைப் பணியாளர்க்கே இப்பயன் கிட்டியது. ஒருநாள் முந்தி ஓய்வு பெற்றவர்க்கும் பயனில்லை. அகவையில் மூத்தோர், விலைவாசியால் மிகுதியும் நலிந்தோர் ஒதுக்கப்பட்டனர்.

இதனை எதிர்த்து 1972-இல் ஓய்வு பெற்ற டி.எஸ். நகாரா உச்சநீதிமன்றம் சென்றார். படைத்துறையில் ஓய்வு பெற்ற ஒருவரும், எச்.டி. சௌரி தோற்றுவித்த ‘காமன் காஸ்’ என்னும் அமைப்பும் உடன் மனுதாரர் ஆயினர். ஐவர் அமர்வு 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதிய அத்தீர்ப்பு, ஓய்வு பெற்ற நாளைக் கொண்டு ஓய்வூதியரைக் கூறுபடுத்துவது அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவுக்கு முரண் என்றது. ஓய்வூதியம் கருணையன்று, முன்செய்த பணிக்குரிய உரிமை என நிறுவியது. ஓய்வூதியர் சங்கங்கள் ஆண்டுதோறும் டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவதன் காரணம் இதுவே.

எனினும், அலுவலகப் படியேறாத முதியோர் நிலை யாது? வயலில் குனிந்தோர்க்கும் கல்லுடைத்தோர்க்கும் பணிப்பதிவேடு இல்லை. ஓய்வு பெறும் நாளும் இல்லை. தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 1962-இல் தொடங்கியது. நடுவணரசு 1995 ஆகஸ்டு 15-இல் தொடங்கிய திட்டம், 65 வயது நிறைந்த ஆதரவற்றோர்க்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் அளித்தது. பின்னர் அத்தொகை 200 ஆயிற்று. 2011-இல் தகுதி வயது 60 ஆகக் குறைந்தது. 80 கடந்தோர்க்கு 500 ரூபாய் கிடைத்தது. ஏனையோர்க்கு நடுவணரசின் பங்கு 200-ஐத் தாண்டவில்லை.

2012 மே மாதம் பல மாநிலங்களின் ஏழை முதியோர் தில்லி ஜந்தர் மந்தரில் கூடி அமர்ந்தனர். அருணா ராய், பாபா ஆதவ் ஆகியோர் முன்னின்ற ‘பென்ஷன் பரிஷத்’ அவர்களை ஒருங்கிணைத்தது. குறைந்தபட்சக் கூலியில் பாதி, அல்லது 2000 ரூபாய், இவற்றுள் மிகுதியானது வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. 2018 டிசம்பரில் அசுவனி குமார் வழக்கில், ஓய்வூதியத் தொகையை நடைமுறைக்கு ஏற்ப மறு ஆய்வு செய்யுமாறு உச்சநீதிமன்றமும் அறிவுறுத்தியது.

முன்னவர் விண்ணப்பம் எழுத வல்லவர், சட்டம் பயின்றவர், சங்கம் உடையவர். பின்னவருட் பலர் கைந்நாட்டு இடுபவர். முன்னவர் வென்றனர், பின்னவர் வெயிலில் அமர்ந்தனர். இவ்வேறுபாடு சொல்லிலேயே பதிந்துள்ளது. முன்னவர் பெறுவது ஓய்வூதியம். பின்னவர் பெறுவது உதவித்தொகை. ஊதியம் உழைத்தவர்க்கு உரியது. உதவியோ கொடுப்போர் உள்ளத்தைப் பொறுத்தது. கழனியில் ஐம்பதாண்டு உழைத்த கிழவி பெறுவதை உதவி என்று வழங்கும்வரை, 1982-இல் நீதிமன்றம் விலக்கிய பழைய எண்ணம் நம் மொழியில் எஞ்சியே நிற்கும். அச்சொல்லை மாற்றும் கடமை சட்டம் இயற்றுவோர்க்கு மட்டுமன்று, சொல்லையே தொழிலாகக் கொண்ட புலவர்க்கும் உண்டு.