ஒரே நஞ்சு, இரண்டு தராசுகள்

கோகெய்ன் தூளாகவும் உண்டு. ‘கிராக்’ என்னும் கட்டியாகவும் உண்டு. தூள் உப்பு வடிவம், கட்டி கார வடிவம். புகைப்பதால் கட்டி விரைந்து போதையேற்றும். ஆயினும் மூளையைத் தாக்குவது ஒரே மூலக்கூறுதான்.

அமெரிக்கச் சட்டம் என்ன செய்தது தெரியுமா? 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 கிராம் தூள் விற்றவருக்கும், வெறும் 5 கிராம் கிராக் விற்றவருக்கும் குறைந்தது 5 ஆண்டுச் சிறை!

கட்டி மலிவாக, ஏழைகளின் தெருக்களில் விற்கப்பட்டது. அதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்தனர். விடுதலையானவர்களுக்கு வேலை அரிதாயிற்று. பல மாநிலங்களில் வாக்குரிமையும் பறிபோயிற்று.

1995-இல் தண்டனை ஆணையமே இவ்வேறுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது, நாடாளுமன்றம் மறுத்தது. 2010-இல்தான் 100-க்கு 1 என்ற விகிதம் 18-க்கு 1 ஆயிற்று. 2018-இல் பழைய கைதிகளும் அதன் பயனைக் கோர வழி பிறந்தது.

வாசகர்களே, அந்த 18-க்கும் வேதியியலில் ஆதாரமில்லை என்பதை மறவாதீர்கள்.