அரச வைத்தியசாலையை விட்டு வெளியே: டாக்டர் மேரி இரத்தினம்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த முதுமொழி. இதனை எள்ளி நகையாடுவதற்கில்லை. ஒருவருடைய அரசாங்கச் சம்பளத்தால் தங்கைமார் படித்து, வீடு நிமிர்ந்து, முதுமையில் ஓய்வூதியமும் கிடைத்த குடும்பங்கள் எம்மிடையே பல. ஆயினும் அத்தகைய உத்தியோகம் கைக்கு எட்டிய பின்னரும் அதிலிருந்து விலகிய ஒரு பெண்மணிக்கு இந்நாட்டுப் பெண்கள் பெரிதும் கடமைப்பட்டுள்ளனர். அவரே டாக்டர் மேரி இரத்தினம்.

மேரி ஹெலன் இர்வின் 1873 ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த காலத்தில் ரொறன்ரோவிற் பயின்று டாக்டரானார். யாழ்ப்பாணத்திற் பெண்களுக்கு மருத்துவப் பணி செய்யும் மிஷனரியாக வருவதே அவரது நோக்கம். இங்கு வருமுன், அமெரிக்காவிற் கல்வி பயின்றுகொண்டிருந்த இலங்கைத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினத்தைச் சந்தித்து, 1896 இல் அவரை மணந்தார். சுதேசி ஒருவரை மணந்த வெள்ளையரை மிஷன் தன் பணியில் ஏற்க மறுத்தது. எதற்காகக் கடல் கடந்து வந்தாரோ அந்தக் கதவே அவருக்கு மூடப்பட்டது.

தம்பதியர் கொழும்புக்குச் சென்றனர். அங்கே பெண்களுக்கென நிறுவப்பட்ட லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் அவருக்கு அரச நியமனம் கிடைத்தது. ஆண் வைத்தியரிடம் காட்டுவதற்கு நாணி, நோயை மறைத்து வாழ்ந்த பெண்களுக்கு அவ்வைத்தியசாலை பெரும் புகலிடம். அந்நிய நாட்டில், உறவினர் துணையின்றி, தாம் நாடி வந்த பணியையும் இழந்து நின்ற இளம் டாக்டருக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறென்ன இருந்திருக்கும்? எனினும் சிறிது காலத்திலேயே அவர் அரச சேவையிலிருந்து நீங்கி, கொழும்பில் தனியாக வைத்தியம் செய்யத் தொடங்கினார்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவர் உத்தியோகத்தை விட்டாரேயன்றித் தொழிலை விடவில்லை. கற்ற மருத்துவம் அவருடனேயே சென்றது. நோயாளரின் வீடுகளுக்குள் அவரை அழைத்துச் சென்றதும் அம்மருத்துவமே. அறியாமை, வறுமை, அடுத்தடுத்த பிள்ளைப்பேறு ஆகியவற்றை மருந்து மட்டும் தீர்க்காது என்பதை உணர்ந்த டாக்டர், பெண்களைச் சங்கங்களாக ஒன்று சேர்க்கத் தலைப்பட்டார். 1904 இல் இலங்கைப் பெண்கள் சங்கமும், 1909 இல் தமிழ்ப் பெண்கள் சங்கமும் தோன்றியதில் அவருக்குப் பங்குண்டு. பாடசாலைப் பிள்ளைகளுக்கெனச் சுகாதார நூல் எழுதினார். குடும்பக் கட்டுப்பாடு பற்றி வாய் திறப்பதே வெட்கக்கேடு எனக் கருதப்பட்ட 1930களில், எதிர்ப்பைப் பொருட்படுத்தாது அதனைப் பெண்களுக்கு எடுத்துரைத்தார்.

1927 இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. அதன் முன்னணியில் நின்றவர்களுள் டாக்டர் மேரி இரத்தினமும் ஒருவர். 1931 இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1937 இல் கொழும்பு மாநகர சபைக்கு பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து தெரிவாகி, அச்சபையின் முதற் பெண் உறுப்பினரானார். அடுத்த ஆண்டே சட்ட நுணுக்கம் ஒன்றைக் காரணங்காட்டி அவர் பதவியிழக்கச் செய்யப்பட்டார். அரசாங்கச் சம்பளம் பெற்றுக்கொண்டு அரசியல் மேடை ஏறவோ, வாக்குக் கேட்டு வீதியில் இறங்கவோ ஒருவருக்கு இயலாது. லேடி ஹவ்லொக்கிலேயே பதவி உயர்வுக்குக் காத்திருந்திருப்பாராயின், சிறந்த டாக்டர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றிருப்பார்; இவ்வேலைகளுள் பெரும்பாலானவற்றை வேறொருவரே செய்திருக்க வேண்டும்.

1930 அளவில், கனடாவின் கிராமப் பெண்கள் கழகங்களை மாதிரியாகக் கொண்டு அவர் தொடக்கிய லங்கா மஹிலா சமிதி, சிங்களக் கிராமங்களிற் சுகாதாரம், சமையல், கைப்பணி, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றைக் கொண்டு சேர்த்தது. 1958 இல், மக்சாய்சாய் விருது முதன்முதலாக வழங்கப்பட்ட ஆண்டிலேயே, பொதுச்சேவைக்கான விருது 85 வயதான அவருக்கு அளிக்கப்பட்டது. பதவி எதுவுமில்லாத ஒரு தனிப் பிரஜையாக நின்று பிறர் தேவைக்கு உழைத்தமையே அப்போது விதந்து கூறப்பட்டது. 1962 இல் அவர் காலமானார்.

அரச சேவையை விட்டு வெளியேறிய நாளில் வாக்குரிமையோ மஹிலா சமிதியோ அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க முடியாது. அவற்றுக்கு இன்னும் 30 ஆண்டுகள் இருந்தன. தெரிந்திருந்ததெல்லாம் தம் கையிலுள்ள தொழிலும், அது தேவைப்பட்ட பெண்களுமே. வேலையை விடுவதா, தொடர்வதா என்று இன்று தடுமாறும் எம் சகோதரிகள் ரொறன்ரோவிலும் உள்ளனர், கொழும்பிலும் உள்ளனர். எல்லோரும் விட்டு வரவேண்டும் என்று இவ்வரலாறு சொல்லவில்லை. டாக்டர் வெளியேறிய பின்னும் லேடி ஹவ்லொக்கில் நோயாளர் காத்திருந்தனர். அங்கே தங்கியோர் அவர்களைப் பராமரித்தனர். விட்டுப் போக நினைப்பவர் தம்மிடம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: இந்தக் கதிரையை விட்டு எழும்பும்போது என்னோடு கூட வரக்கூடியது எது, அது யாருக்குத் தேவை? இவ்விரண்டுக்கும் விடை வைத்திருப்பவர் துணிந்து எழும்பலாம்.