மோகமுள்: படிக்கிற நாவல், பார்க்கிற படம்

நாவலைப் படிச்சாச்சா என்று கேட்டால், "படம் பார்த்துட்டேன் சார்" என்று சொல்லும் மாணவரா நீங்கள்? மோகமுள் விஷயத்தில் அந்தப் பதில் பாதிதான் கைகொடுக்கும்.

தி. ஜானகிராமன் இந்த நாவலை 1950களில் சுதேசமித்திரனில் தொடராக எழுதினார். ஞான ராஜசேகரன் அதைப் படமாக்கியது 1995இல். ஆசிரியர் 1982இலேயே காலமாகிவிட்டார். ஜெயகாந்தன் தமது 'உன்னைப்போல் ஒருவன்' நாவலைத் தாமே 1965இல் படமாக்கினார். எதை வெட்டுவது என்று அவரே முடிவு செய்துகொள்ளலாம். இங்கே கேட்க ஆளில்லை. ராஜசேகரனோ ஐ.ஏ.எஸ். அதிகாரி, இதுதான் முதல் படம். துணிச்சல்தான்!

கும்பகோணத்தில் படிக்கும் பாபு, தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை விரும்புகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் நாவலின் பெரும்பகுதி அவன் மனசுக்குள்ளேயே நடக்கிறது. ஆசை, வெட்கம், சங்கீதம் மூன்றும் பின்னிக்கிடக்கும். கேமராவுக்கு மனசு தெரியாது, முகம்தான் தெரியும். பக்கம் பக்கமாகப் பின்னணிக் குரலில் வாசித்தால் வானொலி நாடகமாகிவிடும், இல்லீங்களா?

சங்கீதத்தில் படத்துக்கு ஒரு லாபம் உண்டு. ரங்கண்ணாவின் ஞானத்தை நாவலில் சொற்கள் வழியாகத்தான் உணர்கிறோம். படத்தில் இளையராஜாவின் இசை நேரே காதுக்கு வந்துவிடுகிறது. நெடுமுடி வேணு ரங்கண்ணாவாகவே உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் எழுத்தில் அந்தப் பாட்டு இன்னும் பெரியதாகக் கேட்கிறது என்பேன். அவரவர் கற்பனைக்கு எட்டிய குரலை நாமே வைத்துக்கொள்கிறோமே!

வரலாறு படிக்கிறவர்கள் யமுனாவின் வீட்டைக் கவனியுங்கள். அப்பா பிராமணர், அம்மா தஞ்சாவூர் மராட்டியர். மராட்டிய அரச வம்சம் 1855இல் முடிந்துபோனது. வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. இரண்டு பக்கமும் சேராத பெண் என்பதால்தான் அவளுக்கு வரன் தட்டிப்போகிறது. யமுனாவாக நடித்த அர்ச்சனா ஜோக்லேகரும் மராட்டியப் பெண்தான். நாவல் நிதானமாகச் சொல்லும் இந்த ஒதுக்கலை, இரண்டு மணிநேரச் சொச்சத்தில் அதே நிதானத்தோடு சொல்ல முடியாது.

சிறந்த அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி தேசிய விருது இப்படத்துக்குக் கிடைத்தது.

ஆசிரியர்களே, வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். பாபு ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்கும் பக்கங்களை முதலில் படிக்க வையுங்கள். வசனமே இல்லாமல் அதை எப்படிக் காட்டுவாய் என்று ஆளுக்கு அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். படத்தை அதற்கப்புறம் போடுங்கள்.