ஊமைத் திரை பேசிய வரலாறு

கணிப்பொறியின் விசையை அழுத்தியதும் திரையில் படம் தெளிவாகத் தோன்றுகின்றது. இஃது இயல்பாக நிகழ்வதென்றே நாம் எண்ணுகின்றோம். ஆனால் 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், வீட்டுக் கணிப்பொறியில் லினக்ஸ் இயக்க முறையை நிறுவியவர்க்கு அப்படம் எளிதில் வாய்க்கவில்லை. பிழையாக எழுதிய ஓர் எண், விலையுயர்ந்த திரையையே பாழாக்கவும் கூடும்.

திரையில் படம் வரையும் எக்ஸ் சாளர முறை, 1984இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. ராபர்ட் ஷீஃப்லரும் ஜிம் கெட்டிஸும் அதனை உருவாக்கினர். அது முதலில் இயங்கிய பெருவிலைப் பொறிகளில், பொறியும் திரையும் பெரும்பாலும் ஒருவர் இணைத்துத் தந்தவை. 1992இல் தன்னார்வலர் சிலர் தொடங்கிய எக்ஸ்ஃபிரீ86 திட்டம் அம்முறையை எளிய வீட்டுக் கணிப்பொறிகளிலும் பரப்பியது. அங்கோ பொறி ஒருவருடையது, படம் வரையும் அட்டை மற்றொருவருடையது, திரை வேறொருவருடையது. ஒன்றன் இயல்பை மற்றொன்று அறியாது. இடையே நின்று மொழிபெயர்க்கும் பொறுப்பு மனிதனைச் சார்ந்தது.

அன்றைய திரை படக்குழாயால் ஆனது. எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக வரிவரியாக ஓடி, அடியை அடைந்ததும் மீண்டும் உச்சிக்குச் செல்லும். 1987இல் ஐ.பி.எம். வெளியிட்ட வி.ஜி.ஏ. முறையை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரிவன வரிக்கு 640 புள்ளிகள், வரிகள் 480. கற்றை திரும்பும் நேரத்தையும் சேர்த்தால் அவை 800, 525 என்றாகும். நொடிக்கு 60 முறை படம் வரைய, 31,500 வரிகள் வேண்டும்; புள்ளிகளோ ஏறத்தாழ இரண்டரைக் கோடி.

இத்தகைய எண்களைத் திரையின் கையேட்டைப் பார்த்துக் கணக்கிட்டு, அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுத வேண்டும். எண்கள் பொருந்தாவிடின் படம் உருளும், அல்லது திரை இருண்டுவிடும். திரையின் ஆற்றலை மீறிய வேகம் அதன் சுற்றுகளைச் சூடாக்கிச் சிதைக்கவும் கூடும். ஆதலின், அனுபவமுடையோர் முதலில் 640க்கு 480 என்னும் சிறிய அளவிலேயே தொடங்குவர். ஒரு வேளையில் ஓர் எண்ணை மட்டுமே மாற்றுவர். பொறி எழுதிவைத்த பதிவைப் படித்துப் பிழையின் இடத்தைக் காண்பர். திரை கீச்சிட்டால் உடனே அணைத்துவிடுவர்.

இந்த இடரை நீக்க 1994இல் ஒரு வழி பிறந்தது. வெசா என்னும் தர நிர்ணயச் சங்கம், திரை தன் இயல்பைத் தானே கூறும் முறையை வகுத்தது. 128 பைட்டு அளவே கொண்ட ஒரு சிறு குறிப்பு திரைக்குள் பொறிக்கப்பட்டது. பொறி கேட்டதும் திரை அதனை ஒப்புவிக்கும். 2009இல் லினக்ஸின் கருநிரலே திரையின் அளவைத் தீர்மானிக்கும் பணியை ஏற்கத் தொடங்கியது. அமைப்புக் கோப்பைக் கையால் எழுதும் தேவை மெல்ல மறைந்தது.

எனினும், இணைப்புக் கம்பி பழுதானாலோ, இடையிலுள்ள மாற்றி அக்குறிப்பைத் தடுத்தாலோ, திரை இன்றும் ஊமையாகிவிடும். பொறி அதன் உண்மை அளவை அறியாமல் தகாத அளவில் படம் வரையும். அந்நேரத்தில் இயக்க முறையை அழித்து மீண்டும் நிறுவுவது வீண் உழைப்பு. திரையின் குறிப்புப் பொறிக்கு வந்து சேர்ந்ததா என்றே முதலில் ஆராய வேண்டும். பழைய இடர் எதனால் நீங்கியது என்பதை அறிந்த மாணவன், அது மீண்டும் எங்கே தலைகாட்டும் என்பதையும் அறிவான்.