கலா (எம்.ஐ.ஏ. இசைத்தொகுப்பு)

கலா, இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ. (இயற்பெயர்: மாதங்கி அருள்பிரகாசம், பிறப்பு: 18 யூலை 1975) வெளியிட்ட இரண்டாவது தனி இசைத்தொகுப்பு. 2007 ஓகஸ்டில் பிரித்தானியாவில் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸும் அமெரிக்காவில் இன்டர்ஸ்கோப்பும் இதை வெளியிட்டன. 12 பாடல்கள் கொண்டது. விற்பனைப் பட்டியல்கள் இதை எலக்ட்ரானிக் இசை என்ற தலைப்பில் வைத்தன. ராப், ராக், கரிபியன் நடன இசை எல்லாம் இதில் உண்டு. ஆனால் தமிழ்ச் செவிக்கு முதலில் எட்டுவது உறுமி மேளந்தான்.

பெயர்: கலா என்பது பாடகியின் தாயின் பெயர். இலண்டனில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். 2005 இல் வந்த முதல் தொகுப்பு தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கி 'அருளர்' என வெளியானது. தந்தை விடுதலைப் புலி என்று மேலைநாட்டு ஏடுகள் சில எழுதியது தவறு. அவர் ஈழப் புரட்சி அமைப்பு என்னும் ஈரோசைச் சேர்ந்தவர். குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதியை யாழ்ப்பாணத்திலும் சிறிது காலத்தைச் சென்னையிலும் கழித்த மாதங்கி, 1986 இல் தாயுடனும் உடன்பிறந்தோருடனும் இலண்டனுக்கு அகதியாகத் திரும்பினார்.

ஒலிப்பதிவு: அமெரிக்கத் தயாரிப்பாளர் டிம்பலாண்டுடன் சேர்ந்து தொகுப்பின் பெரும்பகுதியை உருவாக்குவதே முதல் திட்டம். 2006 இல் எம்.ஐ.ஏ.வுக்கு அமெரிக்க விசா கிடைக்காமற்போனது. அதனால் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஜமெய்க்கா, அவுஸ்திரேலியா என்று போன இடங்களில் எல்லாம் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. தயாரிப்பாளர்கள் சுவிட்ச், டிப்லோ முதலியோர் உடன் உழைத்தனர். டிம்பலாண்டுக்கு எஞ்சியது கடைசிப் பாட்டு ஒன்றுதான். விசா அதிகாரி மனமிரங்கியிருந்தால் இப்படியொரு தொகுப்பு உருவாகியிராது.

சென்னையில் எம்.ஐ.ஏ. முதலில் நாடியது இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமானை. தன் மனத்தில் இருந்ததை எம்.ஐ.ஏ.வால் இசைமொழியில் எடுத்துச் சொல்ல முடியாததால் இருவரும் சேர்ந்து பாட்டு அமைக்கவில்லை. ஆனால் ரகுமான் தம் ஒலிப்பதிவுக் கூடத்தைப் பயன்படுத்தக் கொடுத்து, கலைஞர்களையும் அறிமுகப்படுத்தினார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்களில் ஒலிக்கும் உறுமிக் குழு இவ்வழியில் வந்தது. உறுமி இடை ஒடுங்கிய இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தால் உறுமல் எழும், மறு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். தென் தமிழ்நாட்டுக் கோயில் கொடைகளிலும் சாவு ஊர்வலங்களிலும் மலேசியக் காவடிகளிலும் கேட்கும் ஓசை இது. ஈழத்து மன்னார், யாழ்ப்பாணக் கூத்து மேடைகளுக்கு உரியது மத்தளம். ஆகவே இம்முழக்கத்தை ஈழத்துத் தாளம் என்று கொள்வது பொருந்தாது.

திரையிசையிலிருந்து எடுத்தவையும் பல. முதற்பாட்டான 'பாம்பூ பாங்கா' இளையராஜா 'தளபதி' (1991) படத்துக்கு அமைத்த 'காட்டுக்குயிலு' பாட்டின் துண்டுமேல் ஓடுகிறது. 'பேர்ட் ஃப்ளூ'வில் 'ஜெயம்' படப் பாட்டொன்றின் சாயல் உண்டு. 'ஜிம்மி' என்பது 'டிஸ்கோ டான்சர்' (1982) படத்துக்குப் பப்பி லஹிரி அமைத்த இந்திப் பாட்டின் மறு ஆக்கம்.

கடற்கரைத் தொடர்பு: தொகுப்பில் மீனும் படகும் வருவதை விமர்சகர்கள் அதிகம் கவனிக்கவில்லை. 'ஹசல்' பாட்டின் தொடக்கத்தில் கேட்பது, படகைக் கரையேற்றும் கேரள மீனவர்களின் குரல். 'மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்', மீன்பிடிக்கப் போவதைப் பற்றி அவுஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்கள் பாடிய பாட்டை ஒட்டியது. மன்னார்த் தீவிலும் பெருநிலக் கரையிலும் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு இதே இனத்தைச் சேர்ந்தது. ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், கயிற்றின் இழுவைக்கு ஏற்பத் தாளம் விழும். அந்த அம்பா இத்தொகுப்பில் இல்லை. அங்கே போய்ப் பதிவு செய்யும் காலமாகவும் அது இருக்கவில்லை.

2006 இல் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்தம் குலைந்தபோது மன்னார்க் கரை முதலில் அடிபட்ட இடங்களுள் ஒன்று. அவ்வாண்டு யூன் 17 அன்று மன்னார்த் தீவின் பேசாலை வெற்றி நாயகி ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மீது கைக்குண்டு வீசப்பட்டது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆயிரக்கணக்கானோர் இரவில் படகேறி அக்கரை சேர்ந்து தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பதிவானார்கள். அதே ஆண்டின் இறுதியில் 'பேர்ட் ஃப்ளூ' காணொளி தென்னிந்திய மீனவ ஊர் ஒன்றில், ஊர்ச் சிறுவர்களையும் கோழிகளையும் வைத்துப் படமாயிற்று. அதை வெறும் வண்ணக் காட்சியாகப் பார்த்தவர்கள் பலர்.

வணிக வரவேற்பு: 'அருளர்' புகழைப் பெற்றதே ஒழியப் பணத்தைப் பெறவில்லை. அமெரிக்கப் பில்போர்ட் 200 பட்டியலில் 190 ஆம் இடமும் பிரித்தானியாவில் 98 ஆம் இடமுமே அதற்குக் கிடைத்தன. 'கலா' அமெரிக்காவில் 18 ஆம் இடத்திலும் பிரித்தானியாவில் 39 ஆம் இடத்திலும் நின்றது. முதல் வாரத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய 29,000 பிரதிகள் விற்றன. ரோலிங் ஸ்டோன் இதழ் 2007 இன் தலைசிறந்த தொகுப்பாக இதைத் தேர்ந்தெடுத்தது. இருந்தும் ஓராண்டுவரை இது நகரத்து இளைஞர் சிலரின் சொத்தாகவே இருந்தது.

நிலைமையை மாற்றியது 'பேப்பர் பிளேன்ஸ்'. விசா மறுப்பின் கசப்பில் பிறந்த இப்பாட்டு, குடியேறிகளைத் திருடர்களாகப் பார்க்கும் பார்வையைக் கேலி செய்கிறது. அடியிலுள்ள இசை, தி கிளாஷ் என்னும் பிரித்தானியப் பங்க் ராக் குழு 1982 இல் வெளியிட்ட, அதுவும் குடியேறிகளைப் பற்றிய, 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டிலிருந்து எடுத்தது. அக்குழுவினருக்கும் பாட்டாசிரியர் உரிமை தரப்பட்டது. பல்லவியில் வரும் துப்பாக்கி ஓசையைத் தொலைக்காட்சி நிலையங்கள் மாற்றியோ மழுப்பியோ ஒலிபரப்பின. 2008 கோடையில் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' படத்தின் முன்னோட்டத்தில் ஒலித்த பின் பாட்டு வேகமெடுத்தது. செப்டெம்பரில் பில்போர்ட் ஹொட் 100 இல் 4 ஆம் இடத்தைத் தொட்டது. பிரித்தானியாவில் 19 ஆம் இடம். அமெரிக்க ராப் பாடகர்கள் ஜே-சி, கான்யே வெஸ்ட் முதலியோரின் 'ஸ்வாகா லைக் அஸ்' இதிலிருந்து ஒரு வரியை எடுத்தது. 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்திலும் பாட்டு இடம்பெற்றது. ஒரு பாட்டின் இழுப்பில் தொகுப்பும் அமெரிக்காவில் 5 இலட்சம் பிரதிகளுக்குரிய தங்கச் சான்றைப் பெற்றது.

இதே மாதங்களில் இலங்கை இராணுவம் மன்னார்க் கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. புலிகளின் கையிலிருந்த விடத்தல்தீவு 2008 யூலையிலும் பூநகரி நவம்பரிலும் வீழ்ந்தன. மன்னாரின் மேற்குக் கரைக் கிராமத்தவர் கிழக்கே வன்னிக்குள் தள்ளப்பட்டனர். எம்.ஐ.ஏ. செவ்விகளில் இதைப் பேசியதும் புலிகளுக்குப் பிரசாரம் செய்கிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர் பேசியது பொதுமக்களைப் பற்றியே. விற்பனை கூடியதால்தான் அப்பேச்சும் வெளியே கேட்டது.

'பேப்பர் பிளேன்ஸ்' ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 8 பெப்ரவரி 2009 அன்று நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் அவ்விருது விழா மேடையில் பாடினார். பரிசு ராக் பாடகர் ராபர்ட் பிளான்ட், அலிசன் கிராஸ் இணைக்குப் போனது.

பிற்காலம்: 'கலா'வுக்குப் பின் மாயா (2010), மாதங்கி (2013), ஏ.ஐ.எம். (2016), மாட்டா (2022) ஆகிய தொகுப்புகள் வெளிவந்துள்ளன.